ரூட்டர் மேல் ஒரு குண்டான்

1

இந்தக் கதை ஒரு குண்டானிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் குண்டான். ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டியிலிருந்த என் சட்டைகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு என் மனைவி அதை உள்ளே வைத்தாள். இதைவிடக் கௌரவமான இடத்திலிருந்து தொடங்க நான் முயற்சி செய்யாமல் இல்லை.

முதல் தொடக்கம்: "அயல்நாட்டில் மனிதனை மனிதனோடு இணைப்பது—" (அடித்துவிட்டேன். இணைய நிறுவனத்தின் விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: "அன்று காலை எங்கள் வீட்டுக்கு இணையம் வந்தது." இது பரவாயில்லை. ஆனால் பொய். ஆள் வந்தார், பெட்டி வந்தது. இணையம் வரவில்லை.

2

விஷயம் இதுதான். எங்கள் மகளுக்கு நாலு வயது. அவளை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள விசா இன்னும் வரவில்லை. அதுவரை ஊரில் என் மனைவியின் அக்கா வீட்டில் வளர்கிறாள். [அக்காவுக்குக் குழந்தை இல்லை என்று இங்கே எழுதி, எடுத்துவிட்டேன். உண்மைதான். ஆனால் உங்களை அழவைக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள்.]

மனைவி இதுவரை தெருமுனைச் சலவைக்கடை வாசலில் நின்று, அங்கே ஓசியில் கிடைக்கும் வைஃபையில்தான் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். படம் வராது. குரல் மட்டும் வரும், அதுவும் தவணை முறையில். ஒருநாள் மகள் "அம்மா" என்றாள். இவள் "என்னடா கண்ணு" என்று கேட்டாள். பதில் இல்லை. கூப்பிட்டது தன்னையா, பக்கத்தில் இருந்த அக்காவையா என்று இவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "நம்ம வீட்டுக்கே லைன் போடுங்க. அம்மான்னு சொல்லும்போது அவ எங்க பாக்குறான்னு நான் பாக்கணும்."

3

இணைப்புக் கொடுக்க வந்தவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். சோகமான கண்கள் கொடுத்தேன். நிஜத்தில் அவர் சுவரில் துளை போட்டார், பெட்டியை இணைத்தார், கை கழுவ இடம் கேட்டார், போய்விட்டார். கதையிலும் போகட்டும்.

தெருவிலிருந்து வரும் கம்பி சமையலறைச் சுவர் வழியாகத்தான் உள்ளே வரும். அதனால் ரூட்டருக்கு வாய்த்த இடம் அடுப்புக்குப் பக்கத்து மேடை. விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. சாயங்காலம் மனைவி வெங்காயம் வதக்கினாள். அதற்குப் பிறகு படம் நின்று நின்று வந்தது. மகளின் நெற்றி வரும், வாய் வராது. கண் வரவே வராது.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்மணி பொறுமையாக விசாரித்தார். அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா? பார்த்தோம். பெட்டியை ஏதாவது மறைக்கிறதா? ஒன்றுமில்லை என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.*

* குண்டான் இருந்தது. எண்ணெய் தெறிக்காமலிருக்க மனைவி அதை ரூட்டர் மேல் கவிழ்த்து, வயர் போவதற்கு ஓரத்தில் ஒரு கரண்டியை முட்டுக் கொடுத்திருந்தாள். புதிதாக வாங்கிய எதையும் நாம் மூடித்தானே வைப்போம்? எங்கள் டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. மூடுவது வேறு, மறைப்பது வேறு என்பது என் கட்சி.

4

இதுவரை எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். குண்டானைக் கவிழ்த்தது தானென்றாலும், கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொன்னது நான்தானே என்றாள். படித்தால் அவள் மட்டும் மக்கு மாதிரி தெரிகிறதாம். நியாயம்தான். பழியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு மேலே படிக்கவும்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வேகவைக்கப் பாத்திரம் போதவில்லை. மனைவி குண்டானை எடுத்தாள். அடுப்பில் ஏற்றிய கையோடு அக்காவின் வீடியோ கால் வந்தது. படம் அவ்வளவு சுத்தம்; இத்தனை நாள் அதைத் தடுத்தது குண்டான்தான் என்று இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. மகளின் பல்லில் ஒட்டியிருந்த பிஸ்கட்கூடத் தெரிந்தது. அக்காவின் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

முடிவு அ: மகள் நேராகத் திரையைப் பார்த்து "அம்மா" என்கிறாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். (எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.)

முடிவு ஆ: இவளை அடையாளம் தெரியாமல் மகள் முகத்தைத் திருப்பி— (மனசு வரவில்லை. பாதியிலேயே நிற்கட்டும்.)

நடந்தது வேறு. மகள் திரையை நன்றாகப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு தலையைத் தூக்கி அக்காவிடம் சொன்னாள்:

"அம்மா, போன்ல அம்மா வந்துட்டாங்க."

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "பெரியம்மான்னு சொல்லணும் கண்ணு" என்று அவசரமாகத் திருத்தினார்.

மகள் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. உடனே திரும்பி, திரையில் இருந்த என் மனைவியைப் பார்த்து, "பெரியம்மா" என்றாள்.

இணைப்பு அறுபடவில்லை. வேண்டுமென்கிறபோது அறுபடாது. மனைவி, சாப்பிட்டாயா, பள்ளிக்கூடத்தில் யார் அடித்தது என்றெல்லாம் கேட்டாள். பேசி முடிக்கும்வரை சிரித்த முகமாகவே இருந்தாள். நான்தான் கிழங்கு வெந்ததா என்று பார்க்கிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6

கிழங்கு வெந்து, உரித்து, வதக்கியும் ஆயிற்று. மேடை முழுக்க எண்ணெய்ப் பொட்டுகள். மனைவி குண்டானைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு ரூட்டர் முன்னால் நிற்கிறாள். நாளைக்கும் கால் வரும்.

"எண்ணெ தெறிக்கும்ல" என்கிறாள், என் பக்கம் திரும்பாமல்.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். குண்டானை எங்கே வைப்பது என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். அலமாரியிலும் இடம் இருக்கிறது.