தடிக் கம்பியும் எழுதினவர் பேரும்

1

ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இது என் இரண்டாவது கட்டுக்கதை. முதலாவதை ஏழு வருஷத்துக்கு முன், 1941-ல், திருக்கோகர்ணத்து அரிசி மில்லில் முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன். அங்கே நான் குமாஸ்தா. அரைப் பக்கம்தான், ஆனால் இதைவிட நன்றாக இருக்கும்.

தொடக்கம் இப்படி வைத்துப் பார்த்தேன்: "மின்சாரம் என்பது ஒரு மாபெரும்..." சீ! அடித்துவிட்டேன்.

2

ஒயர்கள் உரசி மின்சாரம் தறிகெட்டு ஓடினால், தான் உருகி வழியை அறுத்துவிடும் கம்பிதான் பியூஸ். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒன்று, வாசலில் மொத்த மில்லுக்கும் ஒன்று. வாசலில் தடிக் கம்பி, உள்ளே மெல்லிய கம்பி. தப்பு எங்கேயோ, அங்கே இருக்கிற கம்பிதான் முதலில் போகவேண்டும்; மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மில்லில் மின்சார வேலை பார்த்த ஆவூர் இன்னாசி எனக்குச் சொன்னது இது.

முதலாளி ஆத்மநாதன் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர். ஒருநாள் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்.

"என் ரூம் பேனுக்கு நூலு மாதிரிக் கம்பி, வாசலுக்குத் தடிக் கம்பியா? வாசல்ல நிக்கிறவன் காவக்காரன்டா!"

"பேனுக்கு அம்புட்டுத்தாங்க வேணும். தடிச்சா ஆபத்துங்க."

"யாருக்கு எம்புட்டு மருவாதைன்னு எனக்கே சொல்றியா? வாசக் கம்பியவிடத் தடியாப் போடுடா."

போட்டான். [ஏன் மறுக்கவில்லை என்று கேட்கும் வாசகர், வீட்டில் நாலு வயிற்றை வைத்துக்கொண்டு மறுத்துக் காட்டட்டும்.]

3

சித்திரை வெயில். சர்க்கார் அதிகாரி ஒருவர் முதலாளி ரூமில் உட்கார்ந்திருந்தபோது பேன் ஒயர்கள் உரசி ஷார்ட். பேனுக்குப் போட்ட தடிக் கம்பி கம்பீரமாக அப்படியே இருந்தது. வாசல் கம்பி உருகி மொத்த மில்லும் நின்றது. அதற்குள் ஒயர் பற்றிக்கொண்டு அதிகாரியின் தலைப்பாகை கருகிவிட்டது.

[தலைப்பாகை என் கைச்சரக்கு. கருகியது, எரிகிற ஒயரை இழுத்துப் போட்ட இன்னாசியின் வலது கை. தலைப்பாகை என்றால் சிரிப்பீர்களே என்று பார்த்தேன்.]

4

அதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். முதலாளி சொன்னார், நான் எழுதினேன்: "இன்னாசியாகிய நான், யாரும் சொல்லாமல், என் புத்திக்குறைவால் தடிக் கம்பி போட்டேன்." கைநாட்டு வைத்தால் இன்னாசிக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு. வைக்காவிட்டாலும் வேலை போகும்.

"படிச்சுக் காட்டுங்க அய்யா" என்றான். காட்டினேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"வெக்கிறேங்க. ஆனா எந்தப் பத்திரமானாலும் அடியில எழுதினவரு பேரு இருக்குமே? மொதல்ல நீங்க போடுங்க."

பாவி, என்னைப் பிடித்துவிட்டான்.

5

முடிவு அ: காகிதத்தைக் கிழித்து முதலாளி முகத்தில் எறிந்தேன். [பிரமாதமான முடிவு. பத்துத் தடவை எழுதி ரசித்தேன்.]

முடிவு ஆ: பேனாவில் மை தொட்டு, அடியில்...

இதற்கு மேல் எழுத வரவில்லை. இன்னாசி இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. நான் அதே மில்லில்தான் குமாஸ்தா. இதை எழுதும்போது தலைக்கு மேல் பேன் ஓடுகிறது.

எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் எழுதினவர் பேருக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை நீங்கள் போடுங்கள்.