பின்பாதி அடுத்த தெருவில்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நகரத்தில் காய்ச்சலின் கொட்டம் அடங்கியது. மருந்தால் அல்ல, பேச்சால். சுகாதார டைரக்டர் தம் சொந்தக் குரலில், தாமே எழுதிய உரையைப் பதிவு செய்து முடித்துவிட்டார். இனி அது ஆட்டோவில் ஏறித் தெருத்தெருவாக வரும்.

சளி பிடித்த பிள்ளைகளையெல்லாம் தூக்கி வந்து ஆஸ்பத்திரியைச் சந்தைக்கடை ஆக்குகிறார்கள் என்பது டைரக்டரின் மனக்குறை. ஆகவே உரையின் முன்பாதி: "காய்ச்சலா? பதறாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். வீட்டிலேயே ஓய்வு கொடுங்கள்." பின்பாதி: "ஆனால் குழந்தை துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஒரு கணமும் தாமதிக்காமல் தூக்கி வாருங்கள்." நடுவில் டைரக்டர் பெற்ற பட்டங்கள், விருதுகள், பாராட்டுகள். அதைக் கொஞ்சம் சுருக்கலாமே என்று கேட்ட குமாஸ்தா இப்போது மருந்துக் கிடங்கில் எலி விரட்டுகிறார்.

ஆட்டோ ஓட்டுபவனுக்குத் தெருவில் மைக்செட் என்று பெயர். காலையில் தன் வீட்டு வாசலிலேயே உரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவான். எங்காவது நின்றால் போலீஸ்காரர் விரட்டுவார், அதனால் நிற்காமல் மெல்ல ஊர்ந்துகொண்டே போவான். அவன் தெருவுக்கு எப்போதும் 'பதறாதீர்கள்' கிடைக்கும். மூலை திரும்பும்வரை பட்டங்கள். 'தூக்கி வாருங்கள்' அடுத்த தெருவுக்கு. அந்தத் தெருக்காரர்கள் தும்மலுக்கும் ஓடினார்கள். இந்தத் தெருக்காரர்கள் எதற்கும் ஓடவில்லை. மைக்செட்டோ, தலைக்கு மேல் அலறும் ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பயந்து, முதல் வரி கேட்டதுமே காதில் பஞ்சை வைத்துக்கொள்வான்.

அவன் வீட்டுக்கும் காய்ச்சல் வந்தது.

"ஏங்க, பாப்பா உடம்பு அனலா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா?" தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள் மனைவி.

"அதான் டைரக்டரே சொல்றாரே, பதறாதீங்கன்னு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே ஓடினா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க."

"போன தடவை ஓடினியே, அந்த நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"

"மூக்கு ஒழுகினதுக்கெல்லாம் தூக்கிட்டு வந்தா நாங்க எங்க போய் முட்டிக்கிறதுன்னாங்க."

அந்தப் பேச்சு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. துணியை நனைத்துப் பாப்பாவின் நெற்றியில் போட்டாள்.

மறுநாள் காலை பாப்பா அசையாமல் கிடந்தது. "நல்லா தூங்குது, விடு. தூங்கினா சரியாயிடும்" என்று மைக்செட் வண்டியைக் கிளப்பினான். பதறாதீர்கள் என்றது குழாய். அவளும் பதறாமல் இருக்கத்தான் பார்த்தாள். பாலை உதட்டில் வைத்தாள், கடைவாயில் வழிந்தது. கூப்பிட்டாள், இமை பாதி திறந்து மூடிக்கொண்டது. போன் போட்டாள். பஞ்சு வைத்த காது எதை எடுக்கும்? பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு குழாய்ச் சத்தத்தைத் துரத்தி ஓடினாள்.

மூலை திரும்பியதும், அவள் அதுவரை கேட்டே இராத வாக்கியம் எதிரே வந்தது: "துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ..."

வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவன் பஞ்சைப் பிடுங்கினான்.

"இதை ஏன்யா நம்ம தெருவுல சொல்லல?"

அவன் குழாயை அண்ணாந்து பார்த்தான். "இதுல இப்படி வேற இருக்கா?"

ஆஸ்பத்திரி வாசலில் அடுத்த தெரு முழுக்கத் தும்மிக்கொண்டு வரிசையில் நின்றது. அவசரத்தில் அணைக்க மறந்த குழாய், பதறாதீர்கள் என்று மறுபடியும் ஆரம்பித்தது.

"யோவ், அதை நிறுத்தித் தொலைய்யா!" என்றது வரிசை.

அதே நர்ஸம்மாதான். பாப்பாவின் விறைத்த கழுத்தைத் தொட்டாள். இந்தத் தடவை திட்டவில்லை, வாங்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏம்மா, நேத்தே கொண்டு வர்றதுக்கென்ன?" என்றார் டாக்டர்.

மூளைக்காய்ச்சல். உயிர் தப்பியது பெரிய விஷயம் என்றார்கள்.

பாப்பா எழுந்து உட்கார்ந்த அன்று, போட்டோக்காரரோடு டைரக்டர் வார்டுக்கே வந்துவிட்டார். "பாருங்கள், நம் உரையைக் கேட்டு ஓடி வந்த தாய்! வண்டிக்கு இன்னும் பெரிய குழாய் வைக்கப்போகிறோம். என் குரல் எட்டாத காது இந்த நகரத்தில் ஒன்றுகூட இருக்காது!" கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். பாப்பா மட்டும் திரும்பாமல் போர்வை நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு காதும் போய்விட்டது.