மண்மேட்டுக் கீழாநெல்லி

மூலிகை மருந்துக் கம்பெனியில் சோதனை அறை என்னுடையது. என்னுடையது என்றால் சாவி என்னிடம், முடிவெல்லாம் மேனேஜரிடம். பதினோரு வருடமாகச் செடியை அரைத்து, வடிகட்டி, மெஷினில் விட்டு, எத்தனை சதவீதம் மருந்துச் சத்து என்று எழுதித் தருகிறேன். அடியில் 'தரம் சரி' என்று ஒரு முத்திரை. அதைக் குத்தும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

என் தங்கையும் அவள் புருஷனும் கீழாநெல்லி பறித்துக் கம்பெனிக்குப் போடுகிறவர்கள். முதலில் ஏரிக்கரையில் பறித்தார்கள். ஏரியைச் சுற்றி அடுக்குமாடி வந்ததும் கரைக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். பிறகு தோப்புக்குப் பின்னால் பறித்தார்கள். அங்கே கார் ஷோரூம் வந்தது. கடைசியில் கிடைத்தது புறவழிச்சாலை ஓரத்து மண்மேடு. இடித்த கட்டடங்களின் கழிவை லாரி லாரியாகக் கொட்டிப் பள்ளத்தை நிரப்பிய இடம் அது. எங்கிருந்து வந்த மண் என்று யாரும் கேட்கவில்லை. கீழாநெல்லியும் கேட்கவில்லை. கிளறிப் போட்ட மண் எதுவானாலும் அது முளைத்துவிடும்.

முதல் கட்டுச் செடியைத் தங்கை தயங்கித் தயங்கித்தான் கொண்டுவந்தாள். செடி குட்டையாக, தண்டு சிவந்து கிடந்தது.

"சவலைப் பிள்ளை மாதிரி இருக்குக்கா. வாங்குவாங்களா?"

மெஷினில் விட்டுப் பார்த்தேன். ஏரிக்கரைச் செடியைவிட ஒன்றரை மடங்கு சத்து. செடி கஷ்டப்பட்டால் சிலசமயம் மருந்துச் சத்து கூடும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது செய்கிற வேலை. படித்தவள் இல்லையா, எனக்குத் தெரிந்திருந்தது. எதனால் கஷ்டப்படுகிறது என்று யோசிக்கத்தான் மேதாவிக்குத் தோன்றவில்லை.

"இனிமே அங்க மட்டும் பறி. உன் சரக்குதான் முதல் தரம்," என்றேன்.

அவளுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, எங்க வீட்லயும் ஒரு படிச்ச ஆளு இருக்கு," என்று புருஷனை முழங்கையால் இடித்தாள்.

அவள் மகளுக்கு அப்போது நாலு வயது. சாப்பாட்டைக் கண்டால் காத தூரம் ஓடும். ஈரலுக்கு நல்லது, பசியெடுக்கும், அந்த மேட்டுச் செடியையே தினமும் அரைத்துக் கொடு என்று சொன்னதும் நான்தான். இரண்டு வருடம் ஒரு நாள் விடாமல் கொடுத்தாள். பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, "பெரியம்மா மருந்து வேஸ்ட்டு," என்று நாக்கை நீட்டும். நாங்கள் சிரிப்போம்.

பிறகு வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்தது. பள்ளிக்கூடத்தில் போன மாதம் எழுதிய எழுத்தை இந்த மாதம் எழுதத் தெரியவில்லை. சோம்பேறி என்று டீச்சர் சொன்னதற்குத் தங்கை சண்டைக்கே போய்விட்டாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈயம் ஏறியிருக்கிறது என்றார். பழைய பெயின்ட் உதிர்கிறதா, குழாய்த் தண்ணீரா, பொம்மையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். காலைல கீழாநெல்லிச் சாறு குடிப்பா, அது சுத்தமான சரக்கு. எங்கக்காவே டெஸ்ட் பண்ணது," என்று என்னைக் காட்டினாள்.

ஈயம் பார்க்கிற மெஷினும் என் அறையில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கை மட்டும் அதில் போடுவோம். உள்ளூர்ச் சரக்கின் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. ஏன் கிடையாது என்று பதினோரு வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மறுநாள் போனதும் மேட்டுச் சரக்கைப் போட்டேன். இருக்கலாம் என்ற அளவைப்போல் ஒன்பது மடங்கு. விசாரித்தால், மூடிப்போன பேட்டரிப் பட்டறையின் மண்ணையும் அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். வேலி நான்.

தாளை மேனேஜர் முன்னால் வைத்தேன்.

"படிவத்துல கட்டமே இல்லையேம்மா, இதை எங்க எழுதுவீங்க?" என்றார். கொஞ்சம் யோசித்து, "மலையிலேருந்து வர்ற சரக்கோட கலந்துட்டா அளவு இறங்கிடும்," என்றார்.

"வயித்துக்குள்ள போனது இறங்குமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான், அவருக்கும் இரண்டு பிள்ளைகள். தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். பகலிலேயே மூட்டைகள் கலவைக் கூடத்துக்குப் போய்விட்டன. நான் போய் மறித்தேன், காவலாளி என்னைத் தள்ளி நிறுத்தினார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். ரத்தத்தில் இருப்பதை மருந்து கொடுத்துக் கொஞ்சம் இறக்கலாம், மூளைக்குப் போன சேதம் திரும்பாது என்று டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். பாப்பா தரையில் குப்புறப் படுத்து ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"நீதான டெஸ்ட் பண்ண?"

"சத்து எவ்வளவுன்னு மட்டும்தான் பாத்தேன்."

"ஈயம் பாக்க அங்க மெஷின் இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"இருக்கு."

"எங்க?"

"என் மேஜைக்கு எதிர்லதான்."

அவள் அழுவாள், திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல போட்டுப் பாக்க எவ்வளவு நேரமாகும்?"

"அரைமணி நேரம்," என்றேன்.