இருபதாவது பெயர்

இதில் எவ்வளவு எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. வருஷம் 1984 என்பேன் நான். 83 என்பாள் என் மனைவி காத்தூன். மகளின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் அதிகம் பேசாதவன். பேசாதவர்கள் மற்றவர்கள் பேசியதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஓட்டும்போது சொற்கள் கொஞ்சம் தேய்ந்தும் கொஞ்சம் மெருகேறியும் போயிருக்கலாம். நடந்தது மட்டும் நடந்ததுதான்.

கல்லாவிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்தால் வீடு. வீட்டில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஏதாவது ஒரு புத்தகம். கடலை மடித்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். எங்களுக்கு ஒரே மகள், அஸ்மத். அந்த வருஷம் ஐந்தாவது முடித்திருந்தாள். ஆறாவதுக்கு எங்கே சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

கம்பெனியில் பெரும்பாலோருக்கு அதில் குழப்பமே இல்லை. புதிதாக ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி வந்திருந்தது. குடியிருப்பு வாசலுக்கே பஸ் வரும். பக்கத்து மிஷினில் நின்ற மாடசாமி திருநெல்வேலிக்காரர். தன் பையனை அங்கே போட்டதிலிருந்து என்னை விடவில்லை.

"என்ன பாய், இன்னுமா ரோசன பண்ணிக்கிட்டு இருக்கீரு? பிள்ள டை கட்டிக்கிட்டு பஸ்ல ஏறுறத பாக்கணும்வே! சர்க்கார் ஸ்கூல்ல போட்டீருன்னா நாளைக்கு நம்மள மாதிரி ஆயில் சட்டதான்."

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. காத்தூனிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவள் பதில் சொன்னாள். அந்த ஒரு வாரமும் இரண்டு பள்ளிகளுக்கும் நடையாக நடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்த இங்கிலீஷ் ஸ்கூலு எட்டு வரைக்கும்தாங்க. மேல வரும் வரும்னு சொல்றாங்க. வரட்டும், பாக்கலாம். கவர்மென்ட் ஸ்கூலு பன்னண்டு வரைக்கும் இருக்குது. தண்ணி குடிக்கற மாதிரி உள்ள போய்ட்டு வந்தேன். பொண்ணுங்க கக்கூசுக்குத் தாப்பா இருக்குது, தொட்டியில தண்ணி இருக்குது. கணக்கு டீச்சர் போன வருசம் இருந்தவங்களே இந்த வருசமும் இருக்காங்க."

"சுவரெல்லாம் காரை பேந்து கிடக்குதே."

"செவுத்தையா படிக்கப் போறா? ஆறாவதுல எத்தன பொண்ணுங்கன்னு கேட்டா யார் வேணா சொல்லுவாங்க. பன்னண்டாவதுல எத்தனைன்னு கேட்டேன். பதினாலு."

அப்புறம், நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னாள். "என்னைய யாரும் படிக்க வேணாம்னு சொல்லலீங்க. எங்கூர் பள்ளிக்கூடம் எட்டோட முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான். அது முடிஞ்ச எடத்துல நானும் முடிஞ்சுட்டேன். இவளுக்கு அந்த எடமே வரக்கூடாது."

பதினைந்து வருஷம் படித்த புத்தகங்கள் எதிலும் பள்ளியைத் தேர்ந்தெடுக்க இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. சரி என்றேன்.

சேர்க்கைக்கு முன்தினம் காத்தூனின் தங்கைக்குப் பிரசவ வலி வந்துவிட்டதென்று பாரூரிலிருந்து ஆள் வந்தது. அவள் கிளம்பிப் போனாள். அஸ்மத்தைக் கூட்டிக்கொண்டு நான் பள்ளிக்குப் போனேன். அலுவலக ஜன்னலில் ஒரே கூட்டம். அந்தப் பள்ளியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழிகளில் வகுப்புகள் இருந்தன. குமாஸ்தா ஆஞ்சப்பன் தலையைத் தூக்காமலே ஒவ்வொருவரையும் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"அஸ்மத்."

"அப்பா பேரு?"

"அப்துல் சலாம்."

விறுவிறுவென்று எழுதி, தாளை என் பக்கம் திருப்பி ஓர் இடத்தில் விரல் வைத்தார். பொட்டலக் காகிதத்தையும் விடாத நான், அன்று அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அவர் எழுதியிருந்தது உருது வகுப்பு. ஓசூரில் முஸ்லிம் என்றால் வீட்டில் உருதுதான் பேசுவார்கள் என்பது அவருடைய அனுபவம். அவருக்குத் தெரிந்த குடும்பங்களில் அது உண்மையும்கூட. எங்கள் வீட்டில் குர்ஆன் ஓதுவது அரபியில். மற்றபடி சண்டை, சமையல், தாலாட்டு எல்லாம் தமிழ்தான். உருதில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவும் எங்களுக்குத் தெரியாது.

இரண்டு வாரம் அஸ்மத் பள்ளிக்குப் போய் வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்கு அத்தா" என்றாள். புத்தகங்கள் இன்னும் வரவில்லை. அது எல்லா வருஷமும் அப்படித்தான். நோட்டில் அவள் வலமிருந்து இடமாக எழுதுவதைப் பார்த்தேன். மதரஸாப் பாடம் போல என்று நினைத்துக்கொண்டு, என் புத்தகத்துக்குத் திரும்பினேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

காத்தூன் ஒரு ஞாயிறு மதியம் பாரூரிலிருந்து திரும்பினாள். பையை இறக்கி வைத்ததும் மகளின் நோட்டுகளை எடுத்தாள்.

"இது என்ன பாடம்டி?"

"அறிவியல்."

"என்ன எழுதியிருக்குது?"

"தெரியலம்மா. ஆனா தப்பில்லாம எழுதியிருக்கேன்."

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. அரபி எழுத்து தெரிந்ததால் பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிவிடுவாள். சாரின் புத்தகத்தைக் கைமாற்றி வாசிக்கச் சொன்னால், முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக வாசித்து வருவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்த இவளுக்கு அந்தப் பத்தி மனப்பாடம் ஆகியிருக்கும். எழுந்து தடங்கலில்லாமல் ஒப்பித்துவிடுவாள். சார் இரண்டு முறை பாராட்டியிருக்கிறார். பாராட்டு என்பதும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம்.

"ஏன்டி அத்தாகிட்ட சொல்லல?"

"அத்தாதான கையெழுத்து போட்டாரு. அத்தா தெரியாமயா போடுவாரு?"

காத்தூன் என்னைப் பார்த்தாள். வீட்டில் மௌனம் என் சொத்து என்று நினைத்திருந்தேன்; அன்று அதை அவள் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் அலுவலக ஜன்னலில் நின்றோம். ஆஞ்சப்பனுக்கு ஆச்சரியம்.

"ஏம்மா, சாயபு வீட்டுப் பொண்ணுன்னா உருதுதானே?"

"நீங்க வீட்ல என்ன சார் பேசுவீங்க?"

"தெலுங்கு."

"உங்க பசங்க எந்த மீடியம்?"

"தமிழ்தான்."

"அப்புறம்?"

ஆஞ்சப்பன் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பில்லை. "மாத்தலாம்மா. தமிழ் பிரிவுல எடம் இருக்குது. ஆனா உருது சார் கையெழுத்து போடணும். அவரு ஆறாவதுல இருபது பேரு இருக்கணும். சரியா இருபதுதான் இருக்குது. மாசக் கடைசியில தலை எண்ண வர்றாங்க. பத்தொம்பதுன்னா வகுப்பையே எடுத்துடுவாங்க. அவரு எப்படிப் போடுவாரு, சொல்லுங்க?"

"உருது எது வரைக்கும் இருக்குது சார் இங்க?" என்றாள் காத்தூன்.

"எட்டு வரைக்கும்."

அவள் கை அஸ்மத்தின் தோளில் இறுகியதைப் பார்த்தேன்.

உருது ஆசிரியர் ஃபக்ருதீன் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் சாக்பீஸ் தூள். நாங்கள் சொன்னதை நம்பவில்லை. "இவளா? என் கிளாஸ்ல நல்லா வாசிக்கற பொண்ணும்மா இவ!" என்று தன் புத்தகத்தில் நடத்திய ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அஸ்மத் கையைக் கட்டிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். "இதுக்கு என்ன அர்த்தம்?" அவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யா அல்லா!" கண்ணில் நீர் வரச் சிரித்தார். "முதல் மார்க் வாங்குவான்னு வீட்ல போய்ச் சொல்லியிருக்கேன்யா!"

பிறகு சிரிப்பு நின்றது. திரும்பி வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எண்ணுகிறார் என்று எனக்குத் தோன்றியது. மௌனங்கள் எனக்குப் பழக்கம். கோபத்தில் வருவது, பயத்தில் வருவது, சொல்ல ஒன்றுமில்லாமல் வருவது. இது ஒரு மனிதர் தன் பக்கத்து நியாயத்தையெல்லாம் தனக்கே சொல்லிப் பார்த்து, தோற்றுக்கொண்டிருக்கும் மௌனம். அவர் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லியிருக்கலாம். ஹெச்.எம்.மைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். மாசக் கடைசி வரை இருக்கட்டும் என்றாவது கேட்டிருக்கலாம்.

"எட்டுக்கு மேல நான் என்ன குடுக்கப் போறேன் இவளுக்கு?" என்றார். தாளை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவரே அவளைத் தமிழ்ப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு வந்தார்.

எனக்கு நிம்மதி. திரும்பும் வழியில் காத்தூன் நின்றாள்.

"அவரு வகுப்புலேருந்து ஒரு பிள்ளைய எடுத்துட்டோங்க. ஒரு பிள்ளைய குடுக்கணும்."

"எங்கிருந்து?"

"தேடணும்."

அவள் தேடிய விதத்தை நினைத்தால் இப்போதும் வியப்புத்தான். மசூதிக்குப் பின்னால் உருது பேசுகிறவர்களின் தெரு. காத்தூனுக்கு அங்கே யாரையும் தெரியாது, மொழியும் தெரியாது. சாயங்காலம் பள்ளி விட்டதும், வீட்டில் உருது காதில் விழுந்த ஒரே ஆள் என்று அஸ்மத்தை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை. நானும் பின்னாலேயே போனேன்.

ஒரு வீட்டில் பத்து பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். பெயர் சுக்ரா. ஐந்தாவதோடு நின்றவள். காத்தூன் தமிழில் ஆரம்பித்தாள். அந்த அம்மா உருதில் ஏதோ சொன்னாள். இருவரும் அஸ்மத்தைப் பார்த்தார்கள்.

அஸ்மத்துக்குத் தெரிந்தது இரண்டு வார உருது. அதுவும் வகுப்பில் சார் அடிக்கடி சொல்வது மட்டும். நிமிர்ந்து நின்று, தெரிந்ததைச் சொன்னாள்: "பைட்டோ. லிக்கோ. சுப் ரஹோ."

உட்கார், எழுது, வாயை மூடு என்று அதற்கு அர்த்தம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அந்த அம்மா ஒரு கணம் திகைத்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சுக்ரா ஊதுபத்திப் பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து, அஸ்மத்துக்கு அந்தச் சொற்களை எப்படி இழுத்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அஸ்மத் திரும்பச் சொன்னாள். இன்னும் தப்பு. இன்னொரு தடவை.

"காலைல எம்பொண்ணு வந்து கூட்டிட்டுப் போவா. சாயங்காலம் கொண்டாந்து வுடுவா. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் காத்தூன்.

அந்த அம்மாவுக்கு இந்தத் தமிழ் புரிந்தது. உடைந்த தமிழிலேயே சொன்னாள்: "உம் பொண்ணு உருது ரொம்ப மோசம்மா. எம் பொண்ணு கூட வந்தா சரி பண்ணும்."

மாசக் கடைசியில் அதிகாரிகள் வந்து எண்ணியபோது வகுப்பில் இருபது பேர் இருந்தார்கள். ஃபக்ருதீன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி காத்தூனுக்கு சலாம் சொல்லிவிட்டுப் போனார். நான் என் மனைவியிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அஸ்மத் அந்தப் பள்ளியிலேயே பன்னிரண்டாவது முடித்தாள்; இப்போது கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சுக்ரா எட்டாவதோடு நின்றாள். ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்தார்கள், இரண்டு பிள்ளைகள். ஃபக்ருதீன் சார் 94இல் ஓய்வு பெற்று, அதற்கடுத்த வருஷம் காலமானார். அவருடைய வகுப்பு இன்னும் நடக்கிறது. ஆஞ்சப்பன் தேன்கனிக்கோட்டைக்கு மாற்றலாகிப் போனார். மாடசாமியின் மகன் எட்டாவது முடித்ததும் இதே அரசுப் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தான். இப்போது பெங்களூரில் வேலை. மாடசாமி ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் போன வருஷம் கம்பெனியிலிருந்து வெளியே வந்தேன். காத்தூன் அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறாள்.