மகள்ர பேரில் ஒரு பென்ஸ்

இஞ்ஜினியர் காலிதீன், தான் கலியாணம் முடிக்கப்போகும் பெண்ணை ஒருதரமும் பார்க்கவில்லை; அது மரியாதை. தனக்கு வரப்போகும் காரை மூன்றுதரம் வந்து பார்த்தார்; அது முன்யோசனை. இரண்டையும் பெண்ணின் ஊரான சம்மாந்துறை மெச்சியது.

பெண் பார்க்கும் வேலையை அவருடைய தாய் சல்மா உம்மா முன்பே முடித்திருந்தார். சாய்ந்தமருதிலிருந்து வந்து, றாஹிலாவின் கொண்டையை அவிழ்த்து, சொந்த முடிதானா என்று இழுத்துப் பார்த்து, முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளுக் கிள்ளி, "நல்லம்" என்று சொல்லிவிட்டு வட்டிலப்பத்தில் கை வைத்தார். வட்டிலப்பத்தை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்த்தார் என்று றாஹிலாவுக்குப் பட்டது.

வீடு தயாராக இருந்தது. அந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து அதற்குள் குடியேறுவார். நகையும் தயார். ஆனால் சல்மா உம்மா சொன்னார்:

"ஊடு எல்லாரும்தான் குடுக்கிற. என்ட மகன் கட்டுபெத்தைக் கெம்பஸில படிச்ச இஞ்ஜினியர். ஒரு வாகனம் இல்லாம எப்பிடி?"

அவர் கேட்டது வாகனம். பென்ஸ் என்ற சொல் முதலில் வந்தது றாஹிலாவின் வாப்பா ஆதம்பாவா போடியாரின் வாயிலிருந்துதான். அரிசி மில்லுக்குச் சொந்தக்காரர். எதிர் மில்லுக்காரர் போன வருசம் தன் மருமகனுக்கு டட்சன் கார் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து போடியாருக்கு நித்திரை சரியில்லை.

"டட்சனெல்லாம் என்னத்துக்கு? பென்ஸ் ஒண்டு எடுப்பம்" என்றார்.

பென்ஸ் எடுக்க ஒரு வழிதான் இருந்தது. நாவிதன்வெளியில் றாஹிலாவின் வயல். அவளுடைய உம்மா ஹாஜறாவுக்கு அவவுடைய தாய் கொடுத்தது. ஹாஜறா அதை மகளுக்கு எழுதியிருந்தார். பெயருக்கு எழுதிவைத்த வயல் அல்ல. வெட்டுக் காலத்தில் அந்த வயல் நெல் மில் வளவில் காயும்போது, றாஹிலா ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து "காணும், காஞ்சிட்டு" என்றால்தான் சாக்கில் கட்டுவார்கள். கூலிக்காரர்கள் அவளை "பல்லுக்காரி" என்று பகிடி பண்ணுவார்கள். அவளுக்கு அந்தப் பேர் பிடிக்கும்.

"வயல வித்துப்போட்டு நான் எதக் கடிக்கிற, வாப்பா?" என்று கேட்டாள்.

"இஞ்ஜினியர் பொஞ்சாதி நெல்லுக் கடிக்க மாட்டா" என்றார் போடியார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கல்முனைத் தரகர் றஸாக் காரைக் கொண்டுவந்த நாளில், சன்னல் கதவின் இடுக்கால் றாஹிலா பார்த்தாள். கொழும்பில் ஒரு தூதரகத்து வெள்ளைக்காரர் வைத்து ஓடிய கார். கரு நீலம். வாசல் கடப்படியில் வந்து நின்றபோது சத்தமே இல்லை. மில் சத்தம்தான் அநாகரிகமாக இருந்தது.

"டபிள் கேம், ஆறு சிலிண்டர்" என்றார் றஸாக்.

"அல்லாஹ்" என்றார் போடியார், விளங்கியவர் போல.

காலிதீன் பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே எடுத்தார். பிறகு நான்கு கதவையும் திறந்து திறந்து அடித்துப் பார்த்தார். சல்மா உம்மா பின் ஆசனத்தில் ஏறி, முழங்கைக்கு மேலே கிள்ளிய அதே விரல்களால் தோல் உறையைக் கிள்ளினார்.

"இதென்ன தோல் தம்பி? பண்டித் தோலோ?"

"வல்லாஹி மாமி, மாட்டுத் தோல்."

"அறுத்த மாடா, செத்த மாடா?"

றஸாக் ஜெர்மனியில் உள்ள ஒரு மாட்டுக்காக இரண்டாம் முறையும் சத்தியம் பண்ணினார்.

பிறகு போடியாரையும் ஏற்றிக்கொண்டு காரை ஓடிப் பார்க்கப் போனார்கள். வேகம் காட்டும் முள்ளுக்கு இருநூற்றிருபது வரை எண் போட்டிருந்தது. அந்த வேகத்தில் சம்மாந்துறையில் வெளிக்கிட்டால், பிறேக்கில் கால் வைக்கும்போது கல்முனையைத் தாண்டிக் கடலுக்குள் நிற்கலாம். எனினும் காலிதீன் படித்தவர். எண்பதோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தார். நிறுத்தவில்லை. அது பெரும்போக வெட்டு முடிந்த நேரம். வயல்வெளி நடுவே போகும் தார் ரோட்டில் பாதிக்கு மேல் ஊரார் நெல் காயப்போட்டிருந்தார்கள்.

போடியார் திரும்பி வந்தபோது அவருடைய தொப்பி கையில் இருந்தது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தும் பிசையவில்லை.

"என்ன நடந்த?" என்று கேட்டார் ஹாஜறா.

"நெல்லுக்கு மேலால ஏத்திட்டாரு புள்ள."

"மாப்புள்ளையா?"

"நெல்லு மகன், நெல்லு மகன் எண்டன். இதுதான் மாமா சஸ்பென்ஷன் பாக்கிற இடம் எண்டாரு. உள்ளுக்கு ஒரு ஆட்டம் அசைவு இல்ல. பொறத்தால பாத்தா மழை மாதிரி நெல்லு பறக்குது. ஒருத்தி வெளக்குமாத்த எறிஞ்சா. அதுவும் படல்ல, அவ்வளவு வேகம்."

வெறுங்காலோடு கூட நெல்லை மிதிக்காதவர் போடியார். மில்லுக்குள் செருப்போடு வந்த ஒரு கூலிக்காரனை வேலையால் நிறுத்தியவர்.

"கார் எப்பிடி?" என்றார் ஹாஜறா.

"கார் நல்ல கார்" என்றார் போடியார். சாப்பிடத் தொடங்கினார்.

அடுத்த கிழமை, காணி உறுதி எழுதும் நொத்தாரிசு போடியாரின் வீட்டுக்கு வந்தார். றாஹிலா கையெழுத்துப் போட்டாள். நாவிதன்வெளி வயல் கல்முனை வியாபாரி மீராசாஹிபுவுக்குப் போனது. "வெளங்கித்தானே போடுறீங்க?" என்று நொத்தாரிசு கேட்டார். "அவக்கு வெளங்கும்" என்றார் வாப்பா.

கார் வாங்கப் போன இடத்தில்தான் அந்தப் பிழை நடந்தது. கொழும்பில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் போடியாரிடம் கேட்டார், "யாருடைய பேருக்கு?" போடியார் தன் சீவியத்தில் வீடு, வயல், தோட்டம், தென்னங்காணி என்று எத்தனையோ தரம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். பதில் ஒன்றுதான். அவருடைய வாப்பா சொன்னதும் அதுதான். வாய் தானாகச் சொன்னது:

"மகள்ர பேருக்கு."

மூன்றாம் தரம் காரைப் பார்க்க வந்த அன்றுதான் அது தெரியவந்தது. நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. விறாந்தையில் காலிதீன், சல்மா உம்மா, றஸாக். றாஹிலா அறைவாசல் திரைக்குப் பின்னால், சர்பத் தட்டோடு. காலிதீன் காரின் பதிவுப் புத்தகத்தை வாங்கி விரித்தார். முகம் சுருங்கியது.

"மாமா, இதில ஒரு பிழை இரிக்கி. ஒங்கட மகள்ர பேர் போட்டிரிக்கி."

"ஓம். மகளுக்குத்தானே வாங்கின."

"வாகனம் அப்பிடி இல்ல மாமா. வாகனம் ஆம்புளைட பேரிலதான்."

"ஊரில என்ன கதைப்பாங்க?" என்று சல்மா உம்மா பிடித்துக்கொண்டார். "பொஞ்சாதிட காரில ஓடுற இஞ்ஜினியர் எண்டு சிரிக்கமாட்டாங்களா?"

போடியாருக்கு வியர்த்தது. டட்சன் கொடுத்தவர் சிரிப்பது அவருக்கு இப்போதே கேட்டிருக்கவேண்டும்.

"அது பெரிய கத இல்ல" என்றார். "ஒரு கையெழுத்துத்தானே. மகள்! இஞ்ச கொஞ்சம் வாங்க."

திரை அசையவில்லை.

"வாப்பா, வயலுக்குப் போட்ட கையெழுத்தே இன்னும் காயல்ல."

மாப்பிள்ளை வீட்டார் அவளுடைய குரலைக் கேட்டது அதுதான் முதல். றஸாக் அவசரமாகத் தரையைப் பார்த்தார்.

"மகள், பெரியாக்கள் இரிக்காங்க."

"ஒண்டு மட்டும் கேக்கன் வாப்பா. அவர் வந்து இரிக்கப்போற இந்த ஊடு யாருட பேரில?"

"ஊடு வேற" என்றார் காலிதீன், திரையைப் பார்க்காமல்.

"பொஞ்சாதிட ஊட்டில படுக்க வெக்கமில்ல, பொஞ்சாதிட காரில ஓடத்தான் வெக்கமா? ஊடு வேணா எண்டு சொல்லச் சொல்லுங்க வாப்பா. காரை இப்பவே மாத்தித் தாறன்."

"கொமருக்கு வாயப் பாத்தியளா!" என்று சல்மா உம்மா எழுந்துவிட்டார். "முடி நீளம் எண்டுதான் பாத்த. நாக்கையும் இழுத்துப் பாத்திரிக்கோணும்."

றாஹிலா சர்பத் தட்டை அப்படியே உள்ளே திருப்பிக் கொண்டுபோனாள்.

போகும்போது காலிதீன் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. காருக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, பொனட்டில் இருந்த தவிட்டுத் தூசை மெல்லத் துடைத்தார். அந்த மனிதருக்கு அன்பு காட்டவும் தெரியும் என்பதை றாஹிலா இடுக்கால் கண்டாள்.

கலியாணம் முறிந்தது. ஊர் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது: மாப்பிள்ளை நல்லவர், கார் நல்ல கார், பொம்புளைக்குத்தான் வாய். போடியார் மகளோடு நேரே கதைப்பதை நிறுத்தினார். "தேத்தண்ணி தரச் சொல்லு" என்று அவள் முன்னால் நிற்கவே ஹாஜறாவிடம் சொல்வார். பென்ஸ் மில்லின் தகரக் கொட்டிலில், உமி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. விற்கக் கேட்டால் அவள்தான் கையெழுத்துப் போடவேண்டும். அவளிடம் கேட்க அவர் கதைக்கவேண்டும்.

பிறகும் சிலபேர் பெண் கேட்டு வந்தார்கள். எல்லாரும் முதலில் கொட்டிலுக்குத்தான் போனார்கள்.

கார் சும்மா நிற்பது பாவம் என்று றஸாக் அதைக் கலியாணங்களுக்கு வாடகைக்குப் பேசிவிட்டார். மில் ட்ரக்டர் சாரதி அச்சிமுகம்மது அதையும் ட்ரக்டர் மாதிரியே ஓட்டினான். கல்முனையிலும் மருதமுனையிலும் எத்தனையோ மாப்பிள்ளைமார் றாஹிலாவின் காரில் போய்ப் பெண் வீட்டில் இறங்கினார்கள். அவள் மட்டும் ஏறவில்லை.

அடுத்த வருசம் வெட்டு நேரம் றஸாக் வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றார்.

"நாளைக்கு மருதமுனையில ஒரு கலியாணம், தங்கச்சி. நெசவு முதலாளிட மகள். அவங்க மாப்புள்ளைக்குக் குடுக்கிற ஜப்பான் கார் இன்னும் கப்பலால இறங்கல்லயாம்."

"மாப்புள்ள யாரு?"

"அந்த இஞ்ஜினியர்தான்" என்றார் றஸாக்.

"குடுங்க" என்றாள் றாஹிலா. "அவருக்குப் பழகின கார்தானே. ஓடியும் பாத்திரிக்காரு."

கார் மறுநாள் திரும்பி வந்தது. பின் ஆசனத்தில் அத்தர் வாசம். கதவுப் பிடியில் சரிகை நூல் சிக்கியிருந்தது. அச்சிமுகம்மது அதைப் பிய்க்கப் போனபோது றாஹிலா வெளியே வந்தாள். பின்னால் ஹாஜறா.

"நாவிதன்வெளிக்குப் போவம்" என்றாள்.

குறுக்குப் பாதையில் ட்ரக்டர்தான் போகும். பென்ஸ் கல்முனையைச் சுற்றி, ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும் கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டிப் போனது. ஆசனம் வழுக்கியது. குளிர்க்காற்று முகத்தில் அடித்தது. நல்ல கார்தான், வாப்பா சொன்னது பொய்யில்லை.

வயலுக்குக் கிட்டப் போனபோது அச்சிமுகம்மது பிறேக் போட்டான். ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நெல். பக்கத்து வரம்பைப் பார்த்ததும் அவளுக்கு அது தான் விற்ற வயலின் நெல் என்று தெரிந்துவிட்டது. காவலுக்கு நின்ற பெண் ஒருத்தி விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கண் தெரியல்லயா? மீராசாஹிபு முதலாளிட நெல்லு! பெரிய காரெண்டா மேலால ஏத்துவீங்களோ?"

"ஏத்தட்டா, தங்கச்சி?" என்று அச்சிமுகம்மது கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். "உள்ளுக்கு ஒண்டும் தெரியாது."

றாஹிலா கதவைத் திறந்தாள். செருப்பைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினாள். நெல்லின் விளிம்பில் குந்தி, ஒரு மணியை எடுத்துப் பல்லுக்குள் வைத்துக் கடித்தாள்.

விளக்குமாற்றுக்காரி ஓங்கிய கையை இறக்கினாள்.

"இன்னும் ஒரு வெயில் வேணும்" என்றாள் றாஹிலா. "முதலாளிட்ட சொல்லுங்க."

மணியைத் துப்பிவிட்டு வந்து ஏறினாள். அச்சிமுகம்மது காரை மெல்லப் பின்னால் எடுத்தான்.