பேர் சொல்லாமல் சொன்னது

டோஸ்டரில் பாண் கருகிப்போனதற்காக அன்று காலை யசீகரன் மனைவியின் தலைமயிரைப் பிடித்து அலுமாரிக் கதவில் மோதினான். கிளென் ஈடனில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் குசினியில் இது நடந்தது. கிருசாந்தி நெற்றி வீக்கத்தைத் தலைமயிரால் மறைத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். அந்த வேலைக்குக் கிடைத்த விசாவில்தான் குடும்பமே வவுனியாவிலிருந்து ஆக்லாந்துக்கு வந்தது. உழைப்பது அவள், அடிப்பது அவன்.

பாண் வெறும் சாட்டு. அவனுக்கு ஆண் பிள்ளை வேண்டும். இரண்டாவது மகள் பிறந்தபோது கிருசாந்திக்கு இரத்தம் நிற்காமல் போய் உயிர் தப்பியதே பெரிய காரியம். இன்னொரு பிள்ளை வயிற்றில் தங்கினால் ஆபத்து என்று டொக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதை அவள் சொன்னபோது அவன் அவளுடைய வயிற்றிலேயே உதைத்தான்.

"ஆம்பிளைப் பிள்ளை பெறாத உனக்கு உயிர் என்னத்துக்கடி?"

அன்று வேலை முடிந்ததும் அவள் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு கிளினிக்குக்குப் போனாள். முதியவர்களைக் குளிப்பாட்டவும் சாப்பாடு கொடுக்கவும் அவளுடைய ஆங்கிலம் போதும். இந்தக் கதையைச் சொல்ல அது போதாது. அதனால் தமிழ் மொழிபெயர்ப்பாளரான வசந்தமலரை அழைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. இஞ்ச கதைக்கிறது இந்த அறையை விட்டு வெளியில போகாது," என்றார் வசந்தமலர். மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் முதலில் சொல்லவேண்டிய வாக்குறுதி அது. கிருசாந்தி நம்பினாள்.

"அவருக்குத் தெரிஞ்சால் என்னைக் கொண்டுபோடுவார் அக்கா. ஆனால் இன்னொருக்காப் பிள்ளை தங்கினாலும் நான் செத்துப்போவன்."

வசந்தமலர் அதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். டொக்டர் அவளுடைய இடது மேற்கையில், தோலுக்குக் கீழே, தீக்குச்சி அளவில் இரண்டு மெல்லிய குச்சிகளை வைத்தார். இனிச் சில வருடங்களுக்குப் பிள்ளை தங்காது. அடி வாங்கும் பெண்களுக்கு உதவுகிறவர்களின் நம்பரையும் டொக்டர் கொடுத்தார். இப்போதைக்கு வேண்டாம் என்றாள் கிருசாந்தி.

வெள்ளிக்கிழமை கோயில் மடைப்பள்ளியில் பெண்கள் வட்டமாக இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வசந்தமலர் கெட்டவர் இல்லை. ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் ஊர்ப் புதினம் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

"நான் பேர் சொல்லமாட்டன், அது பிழை," என்று தொடங்கினார். "கிளென் ஈடன் பக்கம் ஒரு பிள்ளை. வயசுபோன ஆக்களைப் பாக்கிற வேலை. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். புருசனுக்கு ஒளிச்சுக் கையுக்குள்ள மருந்து வச்சுக்கொண்டு போகுது. வீட்டில பெரியாக்கள் கதைச்சுப் பேசினால் இப்பிடி ஒளிக்கவேண்டி வராதெல்லே?"

எதிரே இருந்த தேவதர்ஷினியின் கத்தி நின்றது. அவர் யசீகரனின் அக்கா. அது வசந்தமலருக்குத் தெரியாது. பூசை முடியுமுன்னே தேவதர்ஷினி தம்பிக்கு ஃபோன் எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் பிறந்தநாள் வீடொன்றுக்குப் போயிருந்தார்கள். யசீகரன் குசினிக்குள் வந்தான்.

"கையைக் காட்டு."

"என்னத்துக்கு?"

அவன் அவளுடைய முகத்தில் அறைந்தான். அவள் விழுந்ததும் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, இடது கையை இழுத்துத் தடவிப் பார்த்தான். விரலில் குச்சிகள் தட்டுப்பட்டன.

"கோயில்ல முழுச் சனத்துக்கும் தெரியும்! எனக்குத்தான் தெரியாது, என்னடி?"

கோழி வெட்டும் கத்தியால் அவளுடைய தோலைக் கிழித்தான். அவள் கத்தக் கத்த விரலை உள்ளே விட்டுத் தோண்டி ஒரு குச்சியைப் பிடுங்கி எடுத்தான். தரையெல்லாம் இரத்தம். இரண்டாவது குச்சியைத் தேடி அவன் மறுபடியும் கத்தியை வைத்தபோது, கிருசாந்தி மற்றக் கையால், மேடையிலிருந்து தொங்கிய மின்சாரக் கேத்தலின் வயரை எட்டி இழுத்தாள். அப்போதுதான் கொதித்த தண்ணீர் அவன் முதுகில் கொட்டியது. அவன் அலறிப் புரண்டான். அவள் வெறுங்காலோடு ஓடி தெருமுனையிலிருந்த டெய்ரிக் கடைக்குள் விழுந்தாள். கடைக்காரர் கதவைப் பூட்டிவிட்டு அம்புலன்ஸையும் பொலிஸையும் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். வசந்தமலர்தான் வந்தார். கட்டிலில் கிடந்தவளைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் பழக்கத்தில் வாய் தொடங்கிவிட்டது.

"இஞ்ச கதைக்கிறது இந்த அறையை விட்டு..."

"அதை மட்டும் சொல்லாதேங்கோ அக்கா."

"நான் பேர் சொல்லேல்லைத் தங்கச்சி, சத்தியமாச் சொல்லேல்லை. இடத்தையும் வேலையையும் பிள்ளையளையும் மட்டும்தான் சொன்னனான்."

"பேர் என்னத்துக்கு? கிளென் ஈடன்ல, வயசுபோன ஆக்களைப் பாத்துக்கொண்டு, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோட எத்தினை பேர் இருக்கினம்?"

கிருசாந்தி தாதியின் பக்கம் திரும்பினாள். "நோ தமிழ். ப்ளீஸ். ஐ டோக்." பிறகு கட்டுப் போடாத வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "திஸ் ஹேண்ட். புட் அகெய்ன்."

வசந்தமலர் தான் செய்ததை ஒன்றும் மறைக்காமல் தாதியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த வெள்ளி மடைப்பள்ளியில் கத்தரிக்காய். யசீகரன் பொலிஸ் மறியலில், கிருசாந்தியும் பிள்ளைகளும் பாதுகாப்பான ஓரிடத்தில். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை.

"நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனனீங்களாமே? அந்தப் பிள்ளைக்கு என்னவாம்?" என்று ஒருவர் ஆவலாகக் கேட்டார்.

"அதை அந்தப் பிள்ளைதான் சொல்லவேணும். அவள் சொல்லாட்டி எங்களுக்குத் தெரியத் தேவையில்லை," என்றார் வசந்தமலர். "ஒரு பொம்பிளை தன்ர உடம்பைப் பற்றி டொக்டரிட்டச் சொல்லுறது அவளுக்கு மட்டும் சொந்தம். புருசனுக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. பேரை விட்டுட்டுச் சொன்னாலும் அது காட்டிக்குடுத்ததுதான். இனி எங்கட பெட்டையள் உயிர் போனாலும் டொக்டரிட்ட வாய் திறக்கப் பயப்பிடுவினம்."

மூலையில் இருந்த தேவதர்ஷினி விசும்பினார். "நான் தம்பியின்ர குடும்பத்துக்கு நல்லதுக்குத்தானே சொன்னனான்."

"நானும் நல்லதுக்குத்தான் சொன்னனான்," என்றார் வசந்தமலர். "நல்லதுக்குச் சொன்ன நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவன்ர கையில கத்தியைக் குடுத்தனாங்கள்."