முறைத் தண்ணியும் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும்

கஜனி தன் புருஷனோடு கதைத்து நாலு மாதம். வாயே திறப்பதில்லை என்று சொல்ல முடியாது. "சோறு போட்டிருக்கு." "காஸ் முடிஞ்சுது." "மழை வரப்போகுது, உடுப்பை எடுங்கோ." இந்த மூன்றும் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. மிச்ச நேரமெல்லாம் புத்தகம்.

அதுவும் என்ன புத்தகம்! பிரதேச சபை நூலகத்தில் கிழமைக்கு மூன்று எடுத்து வருவாள். அட்டையில் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்பாள், பின்னால் ஒருவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். எல்லா அட்டையிலும் நிற்பது அதே இரண்டு பேர்தான் என்று ஜெயந்தன் சத்தியம் செய்வான். அதை வாசித்துக் கஜனி மூக்கைச் சிந்துவாள், தனக்குத்தானே சிரிப்பாள். ஒரு நாள் "பாவி!" என்று பக்கத்தைப் பார்த்துத் திட்டினாள். இல்லாத ஒருவனைத் திட்ட வாய் இருக்கிறது, முன்னால் இருக்கிற புருஷனோடு கதைக்க வாயில்லை. மனிசனுக்கு விசர் பிடிக்க வேறென்ன வேண்டும்?

காரணம் தெரியாத ஆளில்லை அவன். தையில் கஜனியின் அப்பா தன் ஊரான தண்ணீரூற்றில் செத்துப்போனார். அவருடைய முப்பத்தோராம் நாள் காரியத்தன்று இங்கே கிளிநொச்சியில் அறுவடை மெசின் வந்து நின்றது. அது என்ன, கூப்பிட்ட நாளில் வருகிற சாமானா? ஒவ்வொரு வயலாக வெட்டிக்கொண்டு வரும். இன்று உன் வயல் என்றால் இன்றுதான், விட்டால் இன்னும் பத்து நாள். ஜெயந்தன் மெசினோடு நின்றுவிட்டான். கஜனி தனியாகப் போய்த் தனியாக வந்தாள். படலையைத் திறந்து வந்தவளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஏக்கருக்கு முப்பது மூடை!"

அன்று மூடிய வாய் அது. இப்போது ஆனி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் புத்தகமும் கையுமாக இருந்ததில் பருப்பு அடிப்பிடித்தது. கரிந்த பருப்பை வாயில் வைத்த ஜெயந்தனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, பாதியில் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான். பாப்பம், இண்டைக்கு எதைக் கட்டிப்பிடிச்சு அழுறாளெண்டு!

அன்று அவனுடைய தண்ணி முறை. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை அளந்துதான் விடுவார்கள். ஒவ்வொரு வயலுக்கும் கிழமையில் ஒரு நாள், அதிலும் இன்ன நேரம் தொடங்கி இன்ன நேரம் வரை. ஜெயந்தனுக்குப் பத்து மணியிலிருந்து இரண்டு மணி மட்டும், பிறகு பக்கத்து வயல் ஏரம்பருக்கு. ஒன்பதரைக்கே வந்துவிட்டான். மருத மரத்தின் கீழ் குந்தினால் அரை மணித்தியாலம் போகமாட்டேன் என்கிறது. போனில் சார்ஜும் இல்லை. புத்தகத்தைத் திறந்தான். சிரிப்பதற்குத்தான் திறந்தான்.

கதாநாயகன் ஒரு பெரிய கம்பனி முதலாளி. காசுக்காகத் தன்னைக் கட்டினாள் என்று நினைத்துப் பெண்சாதியோடு முகம் கொடுத்துப் பேசமாட்டான். அவளோ தம்பியின் ஒப்பரேசனுக்காகக் கட்டியவள், அதைச் சொல்லமாட்டாள். ஆசுப்பத்திரி வாசலில் அவள் ஒரு பெடியனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை முதலாளி காருக்குள் இருந்து காண்கிறான்.

"டேய், அது அவளின்ர தம்பியடா!" ஜெயந்தன் சத்தமாகவே சொல்லிவிட்டான். வரம்பில் நின்ற கொக்கு எழும்பிப் பறந்தது.

இறங்கிக் கேட்டானா முதலாளி? இல்லை. காரைத் திருப்பிக்கொண்டு போனான். நூறாம் பக்கத்தில் உண்மை தெரிந்தது. அப்போதாவது போய்ச் சொன்னானா? அதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயந்தன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அடுத்ததில் சொல்லுவான். சரி, அதற்கடுத்ததில்.

"என்ன தம்பி, சோதினைக்குப் படிக்கிறியோ?"

நிமிர்ந்தால் ஏரம்பர் மண்வெட்டியோடு நிற்கிறார். நேரம் இரண்டு.

"உன்ர மடை திறக்காமலே கிடக்கு. தண்ணி முழுக்கக் கீழ ஓடிட்டுது."

ஜெயந்தன் எழும்பி ஓடினான். ஓடி என்ன? வயல் வெடித்துக் கிடந்தது, நெல் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. அடுத்த முறைக்கு ஏழு நாள்.

"ஐயா, ஒரு மணித்தியாலம் விடுங்கோ."

"என்ர நெல்லும் குடலைதான் தம்பி. கடைசியில மிஞ்சினா, அரை மணித்தியாலம் பாப்பம்." சொல்லிவிட்டு ஏரம்பர் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். வாய்க்கால் முழுக்க இந்தக் கதை போய்ச் சேர அன்று பின்னேரமே போதும்.

மிஞ்சிய தண்ணீர் வயலின் ஒரு மூலையைத்தான் நனைத்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கஜனி அலுமாரியைக் கவிழ்க்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் கையில் புத்தகத்தைக் கண்டதும் நின்றாள்.

"தண்ணி விடேல்லை," என்றான் ஜெயந்தன். "இதை வாசிச்சுக்கொண்டு இருந்திட்டன்."

கஜனி கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். அவனால் அடக்க முடியவில்லை.

"உவன் என்ன மனிசன்? பிழை தன்னிலயெண்டு நூறாம் பக்கத்திலயே தெரியும். போய் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது! காரெடுத்துக்கொண்டு சுத்துறான், மழையில நனையிறான், களவாச் சங்கிலி வாங்கி வைக்கிறான், வாயை மட்டும் திறக்கிறானில்லை. இருநூற்றிப் பன்னிரண்டு பக்கம் வந்திட்டன், இன்னும் இல்லை. உதை எப்பிடியப்பா வாசிக்கிறாய்? எனக்கு விசர் வருது!"

கஜனி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"எனக்கும்தான் விசர் வாறது," என்றாள். "ஆனா முந்நூற்றிப் பன்னிரண்டு பக்கம் முடியிறதுக்குள்ள அவன் மன்னிப்புக் கேப்பான். எல்லாப் புத்தகத்திலயும் கேப்பினம். அது நிச்சயமாத் தெரிஞ்சபடியாத்தான் வாசிக்கிறன்."

ஜெயந்தனுக்கு முகம் சுட்டது. "மெசின் அண்டைக்கு விட்டா..." என்று தொடங்கினான். தொடங்கிய வாயிலேயே தன்னை அறைய வேண்டும் போல் இருந்தது. காலையிலிருந்து ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தானே, அவனாவது மழையில் நனைந்தான்.

"நான் வந்திருக்கோணும், கஜனி. மாமாவின்ர காரியம். பிழை என்னிலதான்."

கதையில் என்றால் இந்த இடத்தில் அவள் நெஞ்சில் சாய்ந்திருப்பாள். கஜனி கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தாள்.

"அண்டைக்கு அங்க என்ன நடந்ததெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாது."

"கேட்டாத்தானே தெரியும்! மருமகன் எங்கை, மருமகன் எங்கையெண்டு சனம் முழுக்கக் கேட்டுது. மெசினோட நிக்கிறாரெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. உங்களுக்கு நெருப்புக் காய்ச்சலெண்டு சொன்னனான். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னனான். அவா அந்த அழுகைக்குள்ளயும் உங்களுக்கெண்டு நேர்த்தி வைச்சவா. நீங்கள் சுகமாகி அந்த வீட்டுப் படலையால வாற மட்டும் வெள்ளிக்கிழமையில ஒரு நேரச் சாப்பாடுதானெண்டு."

செத்த வீட்டுக்குப் பிறகு ஜெயந்தன் அந்தப் பக்கம் போகவேயில்லை.

"இப்பவுமோ?" என்றான்.

"போன வெள்ளியும் ஒரு நேரச் சாப்பாடுதான்," என்றாள் கஜனி. "நாளைக்கே போங்கோ. போய் நீங்களே அவாவுக்குச் சொல்லுங்கோ, உங்களுக்கு ஒரு காய்ச்சலும் வரேல்லையெண்டு."